சம்பந்தியம்மாளின் உச்சிமுடி

தெருவில் எல்லோரும் அவளை 'அரை இஞ்ச் அக்கா' என்றுதான் சொல்வார்கள். பெயர் வந்த காரணம் ஒன்றும் ரகசியமில்லை. தோள்வரை வெட்டச் சொன்னாலும், காதுவரை வெட்டச் சொன்னாலும், பத்திரிகையில் வந்த படத்தை நீட்டி இதேமாதிரி வேண்டும் என்றாலும், அவள் வெட்டுவது நுனியில் அரை அங்குலம்தான். "உங்க முகத்துக்கு இதுதான் எடுப்பா இருக்கும்" என்று சொல்லி, கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டி, போர்த்தியிருந்த துணியை உதறிவிடுவாள். வந்த காரியம் நடந்ததா இல்லையா என்ற சந்தேகம், வந்தவர்களுக்கு வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் வரும்.

ஆனாலும் கடை ஓடியது. அவள் தலை அலசிவிட்டால் பாதிப் பேர் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார்கள். கடை பதினோரு அடிக்கு எட்டு அடி. நாற்காலி இரண்டு, அதில் ஜன்னலோரத்து நாற்காலிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உட்கார்ந்தவரோடு சேர்ந்து கால் மணிக்கு ஒரு அங்குலம் வீதம் தானாகக் கீழே இறங்கும். அக்கா நடுநடுவே காலால் மிதித்து ஏற்றிவிடுவாள்.

அவளுக்கு எப்போதும் அரை அங்குலக் கைதான் என்று நினைத்துவிடக் கூடாது. இருபத்தொரு வயதில் தொழிலுக்கு வந்தவள். ஏழு ஆண்டு ஒரு பெரிய பார்லரில் வேலை பார்த்துவிட்டுத் தனிக்கடை போட்டாள். அந்த நாளில் 'ஷேக் கட்' என்றால் இவளைத்தான் தேடி வருவார்கள். உச்சியில் குட்டை, கீழே போகப் போக நீளம், அடுக்கு அடுக்காக வெட்டி, நெற்றியில் இரண்டு பக்கமும் திரை விலக்கியதுபோல் முடியைத் தொங்கவிடும் வெட்டு அது. மேல் அடுக்கு குட்டையாக இருப்பதால் பாரம் குறைந்து எழும்பி நிற்கும்; கீழ் அடுக்கு அதைத் தாங்கும். எலிவால்போல் இருக்கிற முடியும் ஒரு கை நிறைய இருப்பதாகத் தோன்றும். சூட்சுமமெல்லாம் உச்சியில் எடுக்கும் முதல் கற்றையில்தான். அதன் நீளத்தை வைத்துத்தான் மற்ற அடுக்குகள் எல்லாம். அக்கா அதை அங்குலக் கோடு போட்ட சீப்பால் அளக்கமாட்டாள். சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையின் நான்கு விரல்களையும் மண்டையோடு ஒட்டிப் படுக்கவைத்து, கற்றையை மேலே நிமிர்த்தி, விரலுக்கு மேலே வருவதை வெட்டுவாள். அவள் கைக்கு நான்கு விரல் என்றால் ஏழரை சென்டிமீட்டர். மூன்று விரல் ஐந்தரை.

பதினேழு ஆண்டு நான்கு மாதத்துக்கு முன்னால், மருந்துக் கடையில் வேலை பார்த்த ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். சுருள் முடி. அக்கா அவசரத்தில் ஈரத்தோடு வெட்டிவிட்டாள். ஈரத்தில் நீண்டு தொங்கிய கற்றை, காய்ந்ததும் சுருண்டு மேலே ஏறிக்கொண்டது. அந்தப் பெண் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். அது இல்லாமல் எதிரே இருப்பது கண்ணாடியா சுவரா என்றுகூடத் தெரியாத பார்வை அவளுக்கு. அக்கா வாயைத் திறக்கவில்லை. அந்தக் கற்றைக்குச் சமமாக இந்தப் பக்கம் வெட்டினாள், இதற்குச் சமமாக அந்தப் பக்கம் வெட்டினாள். கடைசியில் தோளில் இருந்த முடி காதுக்கு மேலே போய் நின்றது. அந்தப் பெண் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு எட்டு ஆண்டு, வேலைக்குப் போகும்போதும் வரும்போதும், கடைக்கு நேர் எதிரே இருந்த நடைபாதையில்தான் நடந்தாள். ஒருநாள்கூட இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அக்காவோ கண்ணாடிக் கதவு வழியாக ஒருநாள் விடாமல் பார்த்தாள். அந்தப் பெண் திட்டியிருந்தால் அக்கா மறந்திருப்பாள். அந்தச் 'சரிக்கா' அவள் கையைக் கட்டிப்போட்டுவிட்டது. அன்றிலிருந்து அரை அங்குலம்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சம்பந்தியம்மாளிடமிருந்து போன் வந்தது.

சம்பந்தியம்மாள் சுங்க இலாகாவில் முப்பத்தொரு வருடம் பெட்டிகளைத் திறந்து பார்த்து, எட்டு மாதத்துக்கு முன் ஓய்வு பெற்றவள். அவள் மகனுக்குத்தான் அக்கா தன் ஒரே மகளைக் கொடுத்திருந்தாள். கல்யாணம் ஆகி ஏழு மாதம்.

"சம்பந்தி, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மேல உங்க கடைக்கு வரலாம்னு இருக்கேன்."

"ஐயோ, கடைக்கு எதுக்குங்க? வீட்டுக்கே வாங்களேன், சாப்பிட்டுட்டுப் போகலாம்."

"சாப்பிட வரலை. முடி வெட்டிக்க வர்றேன்."

அக்கா போனை வைத்துப் பத்து நிமிடம் ஆகவில்லை, மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, அத்தை சொன்னாங்களா? ஷேக் கட்டாம். போன்ல படம் எடுத்து வச்சிருக்காங்க. மூணு நாளா கண்ணாடி முன்னாடிதான் நிக்கிறாங்க."

"நீ ஏதாச்சும் சொல்லித் தடுத்திருக்கக் கூடாதாடி?"

"நான் சொல்லியா? போன வாரம் குக்கர் மூடி கைப்பிடி உடைஞ்சதுக்கே 'எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு'ன்னு மூணு தடவை கேட்டாங்க. வாக்குமூலம் எழுதி வாங்காததுதான் பாக்கி. இங்க பாரும்மா, உன் அரை இஞ்ச் வேலையெல்லாம் அவங்ககிட்ட வச்சுக்காத. வீட்டுக்கு வந்து ஸ்கேல் வச்சு அளப்பாங்க."

"முழுசா வெட்டி ஏடாகூடமா ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா பெட்டியைக் கட்டிக்கிட்டு உன்கிட்டயே வந்துடறேன், வேற என்ன?" என்று மகள் சிரித்தாள்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. விளையாட்டுக்குச் சொன்ன அந்தப் பெட்டி மூன்று நாளும் அவள் கண்முன்னாலேயே நின்றது. தலையைக் கெடுத்து அனுப்பினால், அந்தத் தலையைத் தினம் மூன்று வேளையும் எதிரே வைத்துக்கொண்டு சாப்பிடப் போகிறவள் தன் மகள்தானே என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சோற்றை முன்னால் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை கத்தரியை இரண்டு தடவை சாணை பிடித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில், லிஃப்ட் பழுது பார்க்கிற அவள் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "என்ன, கத்தரியையே பார்த்துக்கிட்டு நிக்கிற? வேணும்னா என் தலையில ஒரு ஒத்திகை பார்த்துக்கயேன்."

"உங்க தலையில என்னங்க இருக்கு ஒத்திகை பார்க்க?"

"அதான் சொல்றேன். கெடுக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லை. பயமில்லாம வெட்டலாம்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பத்து இருபதுக்குச் சம்பந்தியம்மாள் வந்தாள். கைப்பையை எங்கே வைப்பது என்று ஒரு நொடி கடை முழுவதையும் பார்த்தாள். அந்த ஒரு நொடியில் மூலையில் இருந்த முடிக்குப்பை, விரிசல் விட்ட ஸ்பிரே பாட்டில், இறங்கும் நாற்காலி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டாள் என்றே அக்காவுக்குப் பட்டது. பதறிப்போய் நல்ல நாற்காலியைக் காட்டினாள். சம்பந்தியம்மாளோ, "வெளிச்சம் இங்கதானே இருக்கு" என்று ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

போனில் இருந்த படத்தைக் காட்டினாள். பிறகு, கேட்காமலே இன்னொரு படத்தையும் காட்டினாள். கல்யாணத்தன்று போட்டோக்காரர் ஸ்டூல்மேல் ஏறி நின்று எடுத்தது. எல்லோரும் மேலே பார்த்துச் சிரிக்கிறார்கள்; சம்பந்தியம்மாள் மட்டும் குனிந்து எதையோ எடுக்கிறாள். அவள் தலையின் வகிடு ஒரு ரோடு அகலத்துக்குத் தெரிந்தது.

"இதைப் பார்த்த அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. நம்ம உச்சியை நாம எங்க பார்க்கிறோம்? ஊரே பார்த்திருக்கு, நான் மட்டும்தான் பார்க்கலை. வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பார்லருக்குப் போனேன். அந்தப் பொண்ணு, 'ஆன்ட்டி, முடியே இல்லையே, எதை வெட்டச் சொல்றீங்க'ன்னு கேட்டுது."

"அவ கெடக்கிறா விடுங்க" என்றாள் அக்கா. கிளிப்பைக் கழற்றி முடியை விரித்துப் பார்த்தாள். மெல்லிய முடி, ஆனால் ஆரோக்கியமாகத்தான் இருந்தது. காதுக்கு மேலே பரவாயில்லை; வகிட்டில் ஆள் குறைவு. உச்சிக்குக் கொஞ்சம் பின்னால் இரட்டைச் சுழி.  சுழி இருக்கிற இடத்தில் முடியைக் குட்டையாக வெட்டிவிட்டால், படியாது. முளைத்த புல்போல நட்டுக்கொண்டு நிற்கும்.

அரை அங்குலம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். கண்ணாடிக்குள் சம்பந்தியம்மாளின் கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. சொல் மாறிவிட்டது.

"படத்துல இருக்கிற மாதிரி அப்படியே வேண்டாங்க. அது அடர்த்தியான முடி, ஏழெட்டு அடுக்கு போட்டாலும் தாங்கும். உங்களுக்கு மூணு அடுக்கு போதும். நிறைய அடுக்குப் போட்டா நுனி எல்லாம் நூல் மாதிரி ஆயிடும். பல்லு வச்ச கத்தரியையும் போட மாட்டேன், அது இருக்கிறதையும் கழிச்சுடும். உச்சியில நாலு விரல், கழுத்துல தோள்வரைக்கும், நெத்தியில கன்னத்து எலும்பு வரைக்கும். வகிட்டை நேரா எடுக்காம ஓரமா மாத்திடலாம்."

"சரி, உங்க இஷ்டம்."

'சரி' என்ற அந்தச் சொல்லே அக்காவைச் சுருக்கென்று குத்தியது. துணியைப் போர்த்தினாள். சம்பந்தியம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். அலமாரியில் வைக்கலாம் என்று அக்கா கை நீட்டினாள், அவள் கொடுக்கவில்லை. துணிக்கு அடியில் கொண்டுபோய் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வெள்ளைத் துணிக்குள் அந்த முஷ்டி புடைத்துக்கொண்டு தெரிந்தது.

"இது இல்லைன்னா எனக்கு நீங்க இருக்கிறதே புகை மாதிரிதான்" என்றாள்.

அலசி, முக்கால் காய வைத்து, நான்கு பாகமாகப் பிரித்துக் கிளிப் போட்டாள். கழுத்து அடுக்கு நன்றாக வந்தது. பதினேழு வருடத்துக்கு முன் இருந்த கை எங்கும் போய்விடவில்லை. பதினொன்று பத்துக்கு உச்சிக்கு வந்தாள். சுழிக்கு முன்னால் ஒரு கற்றையை எடுத்து, உலர்ந்திருக்கிறதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்து, நிமிர்த்திப் பிடித்தாள். சீப்பு வாய்க்குப் போனது. பல்லில் படப்போகும் நேரத்தில், அட, சம்பந்தியம்மாள் முன்னாலா என்று கூசியது. மாட்டுக்காரன் குச்சி கடிப்பதுபோல் சீப்பைக் கடித்துக்கொண்டு, பெண் கொடுத்த இடத்து ஆளின் தலைக்கு மேலே நிற்பதா? சீப்பை இடது கையிலேயே சுண்டுவிரலால் மடக்கிப் பிடித்துக்கொண்டாள். விரல்களைப் படுக்கவைத்தாள். வெட்டினாள்.

வெட்டிய முடி போர்த்திய துணியில் வந்து விழுந்தது. வழக்கமாக விழுவதைவிட நீளமாக விழுந்தது.

அக்கா தன் இடது கையைப் பார்த்தாள். மண்டைமேல் படுத்திருந்தவை மூன்று விரல்கள். நான்காவது விரல் சீப்பைக் கட்டிக்கொண்டு தனியாக இருந்தது.

கையை எடுத்தாள். அந்தக் கற்றை, கையை எடுத்ததும், கொண்டைக்குருவியின் கொண்டைபோல விறைத்துக்கொண்டு நின்றது. விரலால் அழுத்தினாள், படிந்தது. விட்டாள், எழுந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி எழுந்தது.   நாற்காலி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. மிதித்து ஏற்றக்கூடத் தோன்றவில்லை.

சம்பந்தியம்மாள் எதிரே இருந்த புகையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. உச்சி முழுவதையும் மூன்று விரலுக்குச் சமமாக வெட்டிவிட்டால், கண்ணாடி போடும்வரை தெரியாது. ஒருவேளை, போட்ட பிறகும் இதுதான் அந்த ஷேக் கட் என்று நம்பிவிடலாம். ஆனால் மூன்று விரலில் இந்த மெல்லிய முடி மண்டையை மூடாது. போட்டோவில் ரோடாக இருந்தது மைதானமாகிவிடும். அதை மறைக்கத்தானே இங்கே வந்திருக்கிறாள்?

கத்தரி வலது கையில் திறந்தபடியே இருந்தது. ஒரு வெட்டு வெட்டினால், அடுத்த வெட்டு தானாக வந்துவிடும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். எதிர் நடைபாதையில் யாரோ ஒரு பெண் நடந்து போனாள். அந்த மருந்துக்கடைப் பெண் அல்ல; அவள் ஊரைவிட்டே போய் ஒன்பது வருடம் ஆகிறது. இருந்தாலும் அக்காவுக்கு உயிர் போய் வந்தது.

கத்தரியை அலமாரியில் வைத்தாள்.

"சம்பந்தி, கண்ணாடியைக் கொஞ்சம் போட்டுக்கிறீங்களா?"

"முடிஞ்சிருச்சா?"

"முடியலைங்க. தப்பாயிருச்சு."

துணிக்குள் முஷ்டி அசைந்தது. கண்ணாடி வெளியே வந்தது. அதன் காதுப்பிடியை மாட்ட அவளுக்கு இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது.  அப்போதுதான் அக்கா அதைக் கவனித்தாள்.

சம்பந்தியம்மாள் பார்த்தாள். தலையை இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். கைக்கண்ணாடியை வாங்கி உச்சியைப் பார்த்தாள். பெட்டிக்குள் துணிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற பார்வை.

"எப்படி ஆச்சு?"

குக்கர் மூடிக்குக் கேட்ட அதே கேள்விதான் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. 

"நாலு விரல் வைக்கணுங்க. மூணு விரல்தான் வச்சிருக்கேன். ரெண்டு சென்டிமீட்டர் கூடப் போயிருச்சு."

"நாலாவது விரல் எங்க போச்சு?"

"நாலாவது விரல்ல சீப்பைப் பிடிச்சிருந்தேன்."

"சீப்பை எப்பவும் விரல்லயா பிடிப்பீங்க?"

"இல்லைங்க. பல்லுல கடிச்சுக்குவேன்."

"அப்புறம் இன்னைக்கு?"

"உங்க முன்னாடி எப்படிங்க பல்லுல கடிக்கிறது? மரியாதையா இருக்காதேன்னு..."

 நாற்காலி 'ஸ்ஸ்' என்று இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"எனக்கு மரியாதை குடுக்கப் போய் என் மண்டையில கை வச்சுட்டீங்க" என்றாள் சம்பந்தியம்மாள். குரலில் இருந்தது கோபமா வேறு ஏதாவதா என்று பிடிபடவில்லை. "கத்தரிச் சத்தம் நின்னு மூணு நிமிஷத்துக்கு மேல ஆச்சு சம்பந்தி. கண்ணுதான் தெரியாது, காது கேக்கும். நானும் எங்க ஆபீஸ்ல எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்? நடந்துக்கிட்டே இருக்கிறவன் திடீர்னு நின்னான்னா பெட்டிக்குள்ள ஏதோ இருக்குன்னு அர்த்தம். நீங்க சொல்லாம மறுபடி வெட்ட ஆரம்பிச்சிருந்தா, இந்தத் துணியோடவே எழுந்து போயிருப்பேன்."

அக்கா பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்போ என்ன செய்யலாம்? அதைச் சொல்லுங்க."

"அந்த ஒரு கற்றையை அப்படியே விட்டுடலாம். மத்ததை எல்லாம் நாலு விரலுக்கு வெட்டினா, அது நடுவுல அடங்கிடும். கண்டிப்பா அடங்கும்னும் சொல்ல முடியாது, சுழி பக்கத்துல இருக்கு. முடி மாசத்துக்கு ஒண்ணேகால் சென்டிமீட்டர் வளரும். ஏழு வாரத்துல அதுவும் நாலு விரலுக்கு வந்துடும், அப்போ மத்ததை அதுக்குச் சமமா வெட்டிடலாம். அதுவரைக்கும் காய வைக்கிற விதத்துலதான் சமாளிக்கணும்."

சம்பந்தியம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். மறுபடி துணிக்குள் கொண்டுபோனாள்.

"மொதல்ல சீப்பைப் பல்லுல கடிங்க" என்றாள்.

அக்கா கடித்தாள். கண்ணில் நீர் முட்டியது. சீப்பு இருந்ததால் மூக்கை உறிஞ்சக்கூட வழியில்லை. நான்கு விரல்களையும் படுக்கவைத்து வெட்டினாள். ஒவ்வொரு கற்றைக்கும் விரல்களை எண்ணினாள். இருபத்தாறு கற்றை. நெற்றி முடியைக் கன்னத்து எலும்புக்குக் கொண்டுவந்து, நுனியைக் கத்தரியின் முனையால் செங்குத்தாகக் கொத்திவிட்டாள். வேர்களில் மட்டும் நெல்லிக்காய் அளவு மூஸ் நுரை எடுத்துத் தடவினாள். சம்பந்தியம்மாளைக் குனியச் சொல்லி, முடி முழுவதும் தலைகீழாகத் தொங்க டிரையரைப் பிடித்தாள். நிமிர்ந்ததும் உச்சியில் வட்டப் பிரஷைச் சுற்றி, முதலில் சூடு, பிறகு குளிர்ந்த காற்று. சுழியின் இடத்தில் இடமிருந்து வலம் ஒருமுறை, வலமிருந்து இடம் ஒருமுறை மாற்றி மாற்றி ஊதினாள். குட்டைக் கற்றை பத்து தடவை எழுந்து நின்றது. பதினோராவது தடவை, மேலே வந்து கவிந்த நீள முடியைத் தாங்கிக்கொண்டு உள்ளே நின்றுவிட்டது.

"போட்டுக்குங்க."

சம்பந்தியம்மாள் கண்ணாடியைப் போட்டாள். முடி எழும்பியிருந்தது. மண்டை தெரியவில்லை. உச்சியில் மட்டும், உற்றுப் பார்த்தால், ஒரு சின்ன மேடு. அவள் உற்றுத்தான் பார்த்தாள்.  கைப்பையை எடுத்துக்கொண்டு, "ஏழு வாரம்னா அடுத்த மாசக் கடைசி செவ்வாய்க்கிழமை வரும். வர்றேன்" என்று கிளம்பிவிட்டாள்.

வருகிறேன் என்றவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்களா என்ன? மீதிப் பகலில் வந்த மூன்று பேருக்கும் அக்கா அரை அங்குலம்கூட வெட்டவில்லை. கால் அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டாள். போனை மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டு, அது அடித்துவிடக் கூடாதே என்றும் அடிக்கவில்லையே என்றும் மாறி மாறிப் பயந்தாள். ஐந்து நாற்பதுக்கு அது அடித்தது. மகள்.

"அம்மா, அத்தைக்கு என்ன பண்ணி அனுப்பின?"

 "ஏண்டி? என்ன சொன்னாங்க?"

"வந்ததும் என்னைக் கூப்பிட்டு எதிர்ல உட்கார வச்சாங்க. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. 'உங்க அம்மா சீப்பைப் பல்லுல கடிப்பாங்களாமே, உனக்குத் தெரியுமா?'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"எனக்குத் தலை பின்னிவிடும்போதெல்லாம் கடிச்சுக்கிட்டுத்தான் திட்டுவாங்க, அதனால பாதித் திட்டு எனக்குப் புரிஞ்சதே இல்லைன்னு சொன்னேன். அத்தை சிரிச்சுட்டாங்கம்மா! ஏழு மாசத்துல இன்னைக்குத்தான் அவங்க பல்லையே பார்த்தேன்."

"உன் மாமனார் ஏதாச்சும் சொன்னாரா?"

"மாமாவா? உத்து உத்துப் பார்த்துட்டு, 'தலைவலி குறைஞ்சிருச்சா'ன்னு கேட்டாரு. அதுக்கும் சிரிச்சாங்க. அந்தக் குட்டை முடிதான் சாயந்தரமே எழுந்து நின்னுடுச்சு. இப்போ கண்ணாடி முன்னாடி குனிஞ்சு, டிரையரைப் பிடிச்சுக்கிட்டு அதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காங்க. சரி, வைக்கிறேன், பிரஷைப் பிடிக்கக் கூப்பிடறாங்க."

அக்கா போனை வைத்துவிட்டு, இறங்குகிற நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டாள். அது தரையோடு சேரும்வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை வந்தது. பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். காலையிலேயே கத்தரியை மறுபடி இரண்டு தடவை சாணை பிடித்திருந்தாள். பத்து இருபதுக்குக் கதவு திறந்தது. சம்பந்தியம்மாள் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். துணியைப் போர்த்துவதற்கு முன்பே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில் இருந்த அலமாரியின் கோடியில் வைக்கச் சொல்லி அக்காவிடம் கொடுத்தாள். இரண்டு கைகளையும் துணிக்கு அடியில் விரித்தபடி மடியில் போட்டுக்கொண்டாள்.

"அந்தக் குட்டைக்காரன் எப்படி இருக்கான், பாருங்க."

அக்கா உச்சிக் கற்றையை நிமிர்த்திப் பிடித்தாள். சீப்பைக் கடித்தாள். விரல்களைப் படுக்கவைத்து எண்ணினாள். நான்கு.

"என்ன சம்பந்தி, சரியா இருக்கா?"

பல்லில் சீப்பு இருந்ததால், "ம்" என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது.